ஜெனோவா சந்து

கடலுக்கும் கரிமேட்டுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கிற சூசையார்பட்டினத்தில், மூன்றாவது தெருக் கடைசியில், கித்தேரி வீட்டுச் சுவருக்கும் வலைக் கொட்டகைச் சுவருக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாத இடத்தில், ஒரு புதன்கிழமை காலை ஒன்பதடி அகலத்துக்கு ஒரு சந்து இருந்தது. முந்தின நாள் இல்லை, அன்றைக்கு இருந்தது, அவ்வளவுதான். வீடுகள் நகர்ந்த மாதிரியும் இல்லை, சுவரில் ஒரு கீறலும் இல்லை. முதலில் உள்ளே போனது கித்தேரியின் ஆடு, ஆட்டைத் தேடிப் போனது கித்தேரி, கித்தேரியைத் தேடிப் போனது அவள் வாய்ச்சத்தம் கேட்காமல் பயந்துபோன தெரு.

உள்ளே சுவரெல்லாம் ஈரமாக, இளஞ்சிவப்பாக, பிள்ளையின் உள்ளுதடு மாதிரி இருந்தது. தரையில் புல் என்றும் சொல்ல முடியாத, மயிர் என்றும் சொல்ல முடியாத ஏதோ ஒன்று மெல்லிசாக முளைத்து, எல்லாம் ஒரே பக்கமாக, வாசலைப் பார்த்து, சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. காற்று உள்ளே போயிற்று, கொஞ்சம் நின்றது, இழுத்துப் பறித்துக்கொண்டு வெளியே வந்தது. நூறடி தள்ளிச் சந்து இரண்டாகப் பிரிந்தது, அந்த இரண்டும் இரண்டிரண்டாகப் பிரிந்தன, அதற்கு மேல் போய்ப் பார்க்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

"யாரு வீட்டுச் சந்துட்டி இது?" என்று கித்தேரி இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்.

கூட்டத்தின் பின்னால், நாலு வயது ஜெனோவாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வினோலியா நின்றாள். ஜெனோவா தும்மினாள். சந்துக்குள்ளிருந்து ஒரு காற்று புறப்பட்டு வந்து, கித்தேரி காயப்போட்டிருந்த நெத்திலிக் கருவாடு முழுவதையும் அள்ளிக் கோயில் வளாகத்துக்குள் கொண்டுபோய்க் கொட்டியது. எல்லாரும் திரும்பிப் பிள்ளையைப் பார்த்தார்கள். பிள்ளை மறுபடி தும்மினாள்; சந்தும் மறுபடி தும்மியது. சந்து யாருடையது என்று அதற்கு மேல் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வினோலியா மட்டும் பிள்ளையை முந்தானையால் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை சிஸ்டர்மார் பள்ளியில் படித்தவள், கேள்வி கேட்டால் மட்டும் பேசப் பழகியவள், பிள்ளை பிறந்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் பயந்தவள். காய்ச்சலுக்குப் பயந்தாள், ஐஸுக்குப் பயந்தாள், கடல்காற்றுக்குப் பயந்தாள், எல்லாவற்றையும்விட, கரிக்கப்பலில் இருந்து கரிமேட்டுக்கு ஒரு மைல் நீளத்துக்கு ஓடுகிற கம்பெனியின் நிலக்கரி பெல்ட் கிளம்பும்போது பிள்ளையின் நெஞ்சில் கிளம்புகிற அந்த விசில் சத்தத்துக்குப் பயந்தாள். முந்தின நாள் கோயில் ஹாலில் நடந்த மருத்துவ முகாமுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனதும் அந்தப் பயத்தில்தான்.

முகாமுக்கு வந்திருந்த டாக்டர் தேன்மொழி அரசு மருத்துவக் கல்லூரிக்காரர். நுரையீரல் நோயாளிகளின் சின்னஞ்சிறு மூச்சுக்குழல்கள் எப்படி அமைந்திருக்கின்றன, எப்படி வேலை செய்கின்றன என்று மூன்று வருடமாக ஆராய்ச்சி செய்கிறவர். அவருடைய பெட்டியில் பலமாக ஊத வேண்டியதில்லை. குழாயை வாயில் கவ்விச் சும்மா மூச்சு விட்டால் போதும், பெட்டி காற்றாலேயே நெஞ்சைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொள்ளும். கன்னம் மட்டும் ஆடக்கூடாது என்பதால், வினோலியா பிள்ளையின் கன்னத்தை இரண்டு உள்ளங்கைகளாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பெரிய குழாய் எல்லாம் நல்லா இருக்கும்மா. அதனாலதான் கம்பெனி டாக்டர் எடுத்த டெஸ்ட்ல நார்மல்னு வந்திருக்கு. ஆனா குழாய் பிரிஞ்சு பிரிஞ்சு, இருபத்து மூணு தடவை பிரிஞ்சு போகும். எட்டாவது பிரிவுக்கு மேல ரெண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. அங்க எத்தனையோ அடைச்சுப்போனாக்கூட வெளிய தெரியாது. அதை நாங்க நுரையீரலோட மௌனமான பகுதின்னு சொல்லுவோம்."

"மௌனமா?" என்றாள் வினோலியா. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "எங்க வீட்டுக்கு வந்து ஒருநாள் இருந்து பாருங்க டாக்டர். அது மௌனமாவா இருக்குது? உள்ள போன காத்து வெளிய வர வழி தெரியாம கத்திக்கிட்டுல்லா கெடக்கு." சொல்லிவிட்டு, "சாரி டாக்டர்" என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் காலையில் சந்து வந்தது.

சூசையார்பட்டினம் ஒரு வாரத்துக்குள் சந்தோடு பழகிவிட்டது. பங்குச்சாமியார் தீர்த்தச் செம்போடு வந்தார். செய்தி கேட்டு வந்து அங்கேயே தங்கிவிட்ட டாக்டர் தேன்மொழி குறுக்கே விழுந்து, "ஒரு சொட்டுக்கு மேல வேண்டாம் ஃபாதர்" என்றதும், விரல் நுனியால் ஒரே ஒரு சொட்டுத் தொட்டுச் சுவரில் சிலுவை போட்டார். பஞ்சாயத்தில் பச்சைப் பலகையில் ஜெனோவா சந்து என்று எழுதி நட்டார்கள். செருப்பை வெளியே விடவேண்டும், பீடி கூடாது, சாம்பிராணி கூடாது, கிட்டத்தில் மீன் பொரிக்கக் கூடாது, ஆடு கூடவே கூடாது என்று சட்டம் வந்தது. தபால்காரர் உள்ளே கதவு எண் எத்தனை வரும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். புதிதாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி வந்து முதல் பிரிவில் நின்று படம் எடுத்துக்கொண்டது. ஜெனோவா வீட்டில் உட்கார்ந்து, "அம்மா, யாரோ, குறுகுறுன்னு, நடக்காங்க" என்று நெஞ்சைச் சொறிந்தாள்.

தப்பும் நடந்தது. தன் வீட்டை ஒட்டித்தானே வாசல் என்று கித்தேரி விடியக்காலையில் எழுந்து, எல்லா நாளும் செய்கிற மாதிரி, ஒரு வாளித் தண்ணீரை எடுத்துச் சளப் சளப்பென்று சந்து வாசலில் தெளித்துவிட்டாள். இங்கே வீட்டில் பாலைக் குடித்துக்கொண்டிருந்த ஜெனோவா கண் பிதுங்கி, நீலம் பாரித்து, தண்ணீராக இருமினாள்; தண்ணீரோடு கித்தேரி வாளியில் ஒட்டியிருந்த ஒரு மீன் செதிலும் வந்தது. வினோலியா அந்தச் செதிலைக் கையில் ஏந்திக்கொண்டு தெருவில் ஓடினாள்.

"எக்கா! எம்பிள்ள நெஞ்சுக்கா அது, வாசல் இல்லக்கா!"

கித்தேரி வாளியைப் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் பூந்துடைப்பத்தை எடுத்தாள். அன்றிலிருந்து தெருப் பெண்கள் முறைவைத்து, தண்ணீர் படாமல், புல் சாய்கிற திசையிலேயே, உள்ளிருந்து வெளியாகப் பெருக்கினார்கள். கூடை கூடையாகக் கரித்தூள் வந்தது. முதல் நாள் பெருக்கியதில் ஜெனோவா மூச்சு வாங்க நிற்காமல் ஒரு வாய் சோறு தின்றாள். மூன்றாம் நாள் கோயில் படி ஆறையும் ஏறினாள். "ஏட்டி வினோலியா, ஒம்மவ கல்யாணத்துக்கு நாங்க நெஞ்சு பெருக்குனவங்கன்னு மொத பந்தியில ஒக்காருவோம் பாத்துக்க" என்று பெண்கள் சிரித்தார்கள்.

ஆனால் எட்டாவது பிரிவுக்கு மேல் யாராலும் போக முடியவில்லை. அங்கே சந்து ஓரடிதான். விளக்கடித்துப் பார்த்தால் புல்லெல்லாம் படுத்துக் கிடந்தது, அதற்கு அப்பால் தார் மாதிரி ஒரு கறுப்பு அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே போன காற்று அந்த அடைப்புக்குப் பின்னால் சிக்கி, பழசாகி, வெளியே வர முடியாமல் கிடந்தது. பெல்ட் கிளம்பினால் போதும், சந்து முழுவதும் மடக்கின கை மாதிரி இறுகியது. ஒருதடவை டாக்டர் டேப்பை வைத்து ஏழாவது பிரிவை அளந்துகொண்டிருந்தபோது பெல்ட் கிளம்பிவிட்டது. இடுப்பு வரைக்கும் சுவரில் மாட்டிக்கொண்டும், "ஆறு அங்குலம் குறைஞ்சிருக்கு, யாராவது எழுதிக்கோங்க!" என்று அவர் உள்ளேயிருந்து கத்தினார்.

"மொதல்ல வெளிய வாங்க டாக்டரம்மா, பொறவு எழுதலாம்" என்று கித்தேரி அவர் இரண்டு கணுக்காலையும் பிடித்து இழுத்துப் போட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை கம்பெனி மேனேஜர் சௌந்தர்ராஜன், சர்வேயரையும் ஒரு சுருட்டின படத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். சர்வேயர் படத்தை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்துத் தேடினார். படத்தில் கித்தேரி வீடு இருந்தது, வலைக் கொட்டகை இருந்தது, கரிமேடு இருந்தது, சந்து இல்லை.

"படத்துல இல்லாத சந்து ஆக்கிரமிப்பும்மா" என்றார் மேனேஜர். அவர் கெட்டவர் மாதிரி பேசவில்லை, களைத்துப்போனவர் மாதிரி பேசினார். "பின்பக்கம் முழுக்க எங்க இடம். சனிக்கிழமை பத்து மணிக்குச் செங்கல் வந்துடும், வாசலைக் கட்டிடுவோம். குழந்தைக்கு முடியலைன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கம்பெனி டாக்டர் நார்மல்னு எழுதியிருக்காரே?"

"வாசலைக் கட்டுனா எப்படி சார் மூச்சு விடுவா?" என்று வினோலியா கேட்டாள்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எந்தக் காகிதத்துலயும் இல்லியேம்மா."

அன்று பகல் முழுவதும் வினோலியா பிள்ளையின் முதுகில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாராவது விரல் நீட்டிப் பேசினால் வாய் அடைத்துப்போகிறவள், அலுவலகம் என்றால் வாசலிலேயே வேர்க்கிறவள், அவளுக்கு மேனேஜரோடு பேசத் தெரியாது, படத்தோடு சண்டை போடத் தெரியாது. ஆனால் அந்த முதுகுக்குள் எந்த இடத்தில் காற்று மாட்டுகிறது என்று அவளுக்குத் தெரியும், நாலு வருடமாகத் தெரியும், எந்தப் பெட்டியும் தட்டிப் பார்க்காமலே தெரியும். சனிக்கிழமை செங்கல் வருவதற்குள் அந்த அடைப்பை எடுக்க வேண்டும், எடுத்தால்தான் கட்டுகிற சுவரைத் தள்ளிவிடுகிற அளவுக்குப் பிள்ளைக்கு மூச்சு வரும், வராவிட்டால் தானும் உள்ளேயே கிடப்பது, கட்டட்டும் பார்ப்போம் என்று முடிவு செய்தாள். முடிவு செய்த பிறகும் பயம் போகவில்லை. பயத்தையும் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும் என்று தெரிந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சேலையை மாற்றி, கணவன் அருள்சீலனின் பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு சந்து வாசலுக்கு வந்தாள். தெருவே வந்திருந்தது. கித்தேரியின் புருசன் லூர்து ஒரு காலத்தில் கடலுக்குள் மூழ்கிச் சங்கு குளித்தவர், இப்போது முட்டியில் கையூன்றிக் குனிந்துதான் மூச்சு விடுகிறவர்; அவர் கை விரித்து அளந்த முப்பது பாகம் கயிறு கொண்டுவந்து போட்டார்.

"கயிறு இருக்கு. புடிக்கிறது யாரு?"

அந்தக் கரையில் அது சின்னக் கேள்வி இல்லை. சங்கு குளிக்க இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை அவனுடைய பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிப்பான். கை நழுவினால் தாலி அறுவது தன் அக்காவுக்கோ தங்கச்சிக்கோ என்று தெரிந்தவன் கை நழுவாது. விட்டால் அழுகிறவன் யாரோ அவன் கையில்தான் கயிறு. பெண் இறங்கின வழக்கம் இல்லாததால் இப்போது யார் என்று யாருக்கும் தெரியவில்லை.

"நான் புடிக்கேன்" என்றான் அருள்சீலன்.

"நீ பிள்ளையத் தூக்கிக்க" என்றாள் கித்தேரி. "புருசன் கையில குடுக்கப்பிடாது. மூணு மாசம் அழுவ, நாலாம் மாசம் பொண்ணு பாப்ப. அவ கூடப்பொறந்தவனக் கூப்பிடு. பிள்ளைக்குத் தாய்மாமன், ரெண்டு பக்கமும் அழ வேண்டியவன் அவந்தான்."

வினோலியாவின் அண்ணன் டென்சில் கம்பெனியில் பெல்ட் ஓட்டுகிறவன். ஆள் அனுப்பியதும், நீலச் சட்டையும் தலையில் மஞ்சள் தொப்பியுமாக ஓடிவந்தான். தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமல் முடிச்சைப் போட்டான்.

"பெல்ட்ட மாத்தாள் கையில விட்டுட்டு வந்திருக்கேன். எட்டு மணிக்குக் கெளப்பிருவான். சீக்கிரம் போயிட்டு வா பிள்ள."

எட்டுப் பிரிவு வரைக்கும் குனிந்தும் தவழ்ந்தும் போனாள். அதற்கு மேல் மல்லாந்து, தோளைக் குறுக்கி, குதிகாலால் உந்தினாள். ஈரச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக இடம் கொடுத்தது. பிள்ளையை வெளியே அனுப்பின உடம்புக்கு அந்த நெருக்கம் புதிதில்லை. ஒன்பது. பத்து. அங்கே கறுப்பு அடைப்பு அவள் உச்சந்தலையில் முட்டியது. திரும்பி நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள்.

எட்டு மணிக்குப் பெல்ட் கிளம்பியது.

சந்து இறுகியது. வினோலியாவின் விலா எலும்புகள் ஒன்றோடொன்று உரசின. அவள் கயிற்றை இழுத்தாள். கயிறு பத்துப் பிரிவிலும் மூலைக்கு மூலை மாட்டிக்கொண்டு அசையவில்லை. வாசலில் டென்சில் தன் பலம் முழுவதையும் போட்டு இழுத்தான்; அவன் கையில் தோல்தான் உரிந்தது. அருள்சீலனின் தோளில் ஜெனோவாவின் உதடு கத்தரிப்பூ நிறத்துக்குப் போயிற்று.

"பிரிவுக்கு ஒரு கை வேணும்" என்றார் லூர்து. "மூலைக்கு மூலை. தூக்கிக் குடுக்கணும். அவளுக்கு அழுற கையா. வேணும்."

கித்தேரி கம்பெனி வாசலுக்கு ஓடினாள். இரும்புக் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெல்ட் சத்தத்துக்கு மேலே சத்தம் போட்டாள்.

"ஏலே கிளாட்வின்! ஒனக்குச் சித்தி மவ அவ, கயிறு மாட்டிக்கிச்சு, எறங்குலே! ஏ பெஞ்சமின், ஒம்பிள்ளைக்கு ஞானத்தாய் யாரு? எறங்கு! ஏலே ரோமால்ட், ஒனக்கு அம்ம வீட்டுச் சொந்தம்லா, அங்கன நின்னு என்னலே பாக்க?"

"ஷிப்ட் முடியட்டும்க்கா!" என்று மேலே இருந்து ஒரு குரல் வந்தது.

"முடிஞ்சு வந்து குழி வெட்டுதியா?"

பிறகு ஒரு மஞ்சள் தொப்பி ஏணியில் இறங்கியது. பின்னால் இன்னொன்று. கயிற்றுக்குக் கூப்பிட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வரவேண்டும் என்று யாரும் அவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சூசையார்பட்டினத்தில் யாருக்கு யார் சொந்தம் இல்லை என்றும் யாராலும் சொல்ல முடியவில்லை. கப்பல் மேல் நின்றவன் இறங்கினான், கரிமேட்டில் நின்றவன் இறங்கினான், கடைசியில் இறங்கின மாத்தாள் போகிற போக்கில் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு ஓடினான். பதினோரு வருடத்தில் முதல்தடவையாக ஷிப்டுக்கு நடுவில் பெல்ட் நின்றது. கடல் சத்தம் தெருவுக்குள் வந்தது.

செருப்பைக் கழற்றி வாசலில் குவித்துவிட்டு அவர்கள் சந்துக்குள் போய், பிரிவுக்கு ஒருவராக நின்றார்கள். ஆண்கள் நுழைய முடியாத எட்டிலும் ஒன்பதிலும் மெலிந்த பெண்கள் படுத்துக்கொண்டார்கள். கையிலிருந்து கைக்குக் கயிறு உயிர் பெற்றது. சந்து மெல்ல, கோபம் தணிகிற முகம் மாதிரி, விட்டுக்கொடுத்தது.

ஆழத்தில் வினோலியாவுக்கு விலா விரிந்தது. இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம் என்று உடம்பு கெஞ்சியது. அவள் பத்து விரலையும் அடைப்புக்குள் செருகி, பல்லைக் கடித்து, பிடுங்கினாள்.

உள்ளே சிக்கிக் கிடந்த காற்று அவளைத் தாண்டிக்கொண்டு போயிற்று. அதில் இருமல் மருந்து வாசனை இருந்தது, ஆவி பிடித்த தைலத்தின் வாசனை இருந்தது, மூன்றாவது பிறந்தநாளுக்கு வாங்கின கேக்கின் வாசனை இருந்தது. அன்றைக்கு ஜெனோவா இழுத்து, ஊத முடியாமல் உள்ளேயே தங்கிப்போன அந்த மூச்சு, பத்துப் பிரிவும் கடந்து, கயிறு பிடித்தவர்கள் தலைமுடியைக் கலைத்துக்கொண்டு, வாசல் வழியாக வந்து, தெருமுனையில் குகை மாதிரிக் கட்டின கெபியில் அந்தோணியாருக்கு ஏற்றியிருந்த அத்தனை மெழுகுவர்த்தியையும் ஒரே ஊதலில் அணைத்தது.

"அம்மா எங்கப்பா அங்க உள்ளயா இருக்கா இன்னும் ஏன் வரல?" என்று ஜெனோவா நடுவில் எங்கேயும் நிற்காமல் கேட்டாள். அருள்சீலன் அவளை இன்னும் உயரத் தூக்கி, சந்து வாசல் பக்கம் திருப்பிக் காட்டினான்.

பத்து மணிக்குச் செங்கல் லாரி வந்து நின்றபோது வினோலியாவை வெளியே எடுத்திருந்தார்கள். தலை முதல் கால் வரை கரியாக, கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளையாக, சந்து வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் இறங்கி, நின்றுபோன பெல்ட்டைப் பார்த்தார், துறையில் காத்திருக்கிற கப்பலைப் பார்த்தார், சந்துக்குள் வரிசையாக நின்ற தன் ஆட்களைப் பார்த்தார். லாரிக்காரனைக் கைகாட்டி நிறுத்தினார்.

"சரிம்மா. சுவர் வேண்டாம். சந்து இருந்துட்டுப் போகட்டும். கயிறு பிடிக்கணும், அவ்வளவுதானே? வெளியூர்லேர்ந்து நானே ஆள் போடறேன். மூணு ஷிப்டும் நிப்பாங்க, பலசாலி ஆளுங்க. இவங்க எல்லாம் பெல்ட்டுக்குத் திரும்பட்டும்." நல்லது செய்கிற முகத்தோடு கயிற்றுக்குக் கையை நீட்டினார்.

டென்சில் தங்கச்சியைப் பார்த்தான். தெரு தங்கச்சியைப் பார்த்தது. வினோலியா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். பயத்தோடேயே எழுந்து நின்றாள்.

"கயிற அப்படி யாருக்கும் குடுக்க முடியாது சார். கை விட்டா யாரு அழுவாவளோ அவங்க கையிலதான் குடுப்போம். நீங்க அழமாட்டீங்க."

மேனேஜரின் கை நீட்டினபடியே இருந்தது. "பெல்ட் இன்னும் எத்தனை நாளும்மா நிக்கும்?"

வினோலியா டாக்டர் தேன்மொழியைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் நோட்டைப் புரட்டவில்லை, அவருக்கு மனப்பாடம்.

"பத்தாவது பிரிவுல ஆயிரத்து இருபத்து நாலு வழி இருக்கு" என்றார்.

"ஒண்ணு முடிஞ்சிருக்கு சார்" என்றாள் வினோலியா, கயிற்றை இடுப்பில் சுற்றி முடிச்சுக்கு அண்ணனிடம் நுனியைக் கொடுத்துக்கொண்டே.